முஸ்தபா வருமா?

திருச்சி பாலக்கரையில் அந்த வீட்டின் பின்கட்டு அறையில் இருபது வருடங்களாக ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரம். மேலே ஒரு பழைய பெட்ஷீட். அதற்கும் மேலே கொலு பொம்மைகள் வைத்த அட்டைப் பெட்டிகள். புதிதாக வருகிறவர்கள் அதை பீரோ என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு ஆடி மாதம், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அம்மா காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்து பெட்ஷீட்டை விலக்கிக் காட்டினார். அவர் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பிளைவுட்டுக்கு ஒண்ணும் தேறாதும்மா. உள்ள செம்பு இருந்தாத்தான் காசு. அதை ஏற்கெனவே யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. இந்த டியூப் கண்ணாடி எனக்கு வேணாம். ஐந்நூறு ரூபா தரேன், இடத்தைக் காலி பண்ணித் தந்த மாதிரி இருக்கும்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா தினசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம் பாலிடெக்னிக்கிலிருந்து மகள் வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னார். அவள் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பையைக்கூட இறக்கி வைக்காமல், "ஒரு மாசம் டைம் குடும்மா" என்றாள். எதற்கு என்று அவளுக்கே அப்போது சரியாகத் தெரியாது.

அந்தப் பெட்டி அப்பாவின் கடையில் இருந்தது. 1993-ல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான்கு மெஷின்களோடு 'வீடியோ கேம்ஸ்' என்று போர்டு மாட்டி அவர் கடை திறந்தார். ஒரு காயின் ஒரு ரூபாய். பள்ளிக்கூட டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வருகிற பையன்கள்தான் வாடிக்கை. மற்ற மூன்று மெஷின்களில் ஆட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நான்காவதில் மட்டும் மாறவே இல்லை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993 வாக்கில் வெளியிட்ட ஆட்டம் அது. அதன் உண்மையான பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. நம்மூரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'முஸ்தபா கேம்' என்றால் அந்த வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓடிவந்து பறந்து உதைக்கிற அந்த ஒரு ஆளின் பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்துவிட்டது.

மகள் அந்த ஆட்டத்தை ஆடியதில்லை. கடைக்குள்ளேயே போனதில்லை. "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி, அப்பா அதைத் திரும்பச் சொல்ல வேண்டியே வரவில்லை. மூன்று வயது இளையவனான தம்பி மட்டும் போய் ஆடிவிட்டு வந்து ராத்திரி படுக்கையில் கதை சொல்வான். ஆட்டத்தில் மொத்தம் நாலு பேர், அதில் ஒருத்தி ஹன்னா, அவளைப் பையன்கள் யாரும் எடுப்பதில்லை என்று ஒருநாள் சொன்னான். நான் எடுப்பேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு அவள் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்குக் கிடைத்தது காசு மட்டும்தான். தினமும் ராத்திரி அப்பா மஞ்சள் துணிப்பை நிறையச் சில்லறை கொண்டுவருவார். அம்மாவும் அவளும் தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக அடுக்குவார்கள். கை முழுக்க இரும்பு வாசனை அடிக்கும். எந்த மெஷினில் புது ஆட்டம் வந்திருக்கிறது, எது படுத்துவிட்டது என்பதெல்லாம் அந்த அடுக்குகளைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

1999-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தம்பிக்கு ஒரு பிளேஸ்டேஷன் வாங்கிவந்தார். வீட்டில் அன்றைக்கு நடந்தது சண்டை என்றும் சொல்ல முடியாது. "வீட்டுக்குள்ளயே கடையை வெச்சுட்டா, கடைக்கு எவன் வருவான்?" என்று மட்டும் அப்பா கேட்டார். சித்தப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. டி.வி.யில் மாட்டிப் பார்த்தால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

கறுப்பு வெள்ளைக்குக் காரணம் பிளேஸ்டேஷனும் இல்லை, டி.வி.யும் இல்லை. ஒரே ஒயரில் நிறத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்து அனுப்புவதற்கு ஜப்பான், அமெரிக்கா பக்கம் ஒரு முறை. அதன் பெயர் என்.டி.எஸ்.சி. இந்தியாவில் வேறொன்று, அது பால். சிங்கப்பூரில் வாங்கிய பெட்டி முதல் முறையில் பேசியது. வீட்டு டி.வி.க்கு இரண்டாவது முறைதான் புரியும். வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு நிறத்தை அப்படியே விட்டுவிட்டது. தம்பி இரண்டு வருடம் அதில் 'டெக்கன் 3' ஆடினான். சமையல் வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்த அவளுக்கு அந்த ஆட்டம் சிவாஜி நடித்த பழைய படம்போல, எல்லாமே சாம்பல் நிறமாக ஞாபகத்தில் நின்றது.

அப்பாவின் நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இரண்டு முறையும் புரிகிற டி.வி.க்கள் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வீட்டு முன்னறையிலேயே பிளேஸ்டேஷன் வைத்து ஆடவிட்டார்கள். பின்னாலேயே பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 2004-ல் கடையை மூடினார். மூன்று மெஷின்கள் விலைபோயின. முஸ்தபா மெஷினுக்கு மட்டும் கேட்டு வந்தவர்களிடம் அப்பா விலை சொல்லவே இல்லை.

அம்மா கொடுத்த ஒரு மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் பின்கதவைத் திறந்தாள். ஆட்ட போர்டில் பாதி ஐ.சி.க்களின் கால்கள் துருப்பிடித்திருந்தன. அது நகல் போர்டு. திருத்துகிற நிலையைத் தாண்டிவிட்டது. அடியில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளும், எதனோடும் சேராமல் தொங்கும் நான்கு ஒயர்களும் இருந்தன. ஏதோ ஸ்டெபிலைசர் இருந்திருக்கும் என்று நினைத்து இரண்டை இரண்டோடு முறுக்கி டேப் சுற்றி பிளக்கைச் செருகினாள். டியூபின் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அரை நிமிடத்தில் திரை சாம்பல் நிறமாக விழித்துக்கொண்டது. சாய்ந்த கோடுகள் ஓடின. கூர்ந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் 'இன்சர்ட் காயின்' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வருடக்கணக்காக ஒரே இடத்தில் எரிந்து, கண்ணாடியின் உள்பூச்சிலேயே படிந்துபோன தழும்பு அது.

டியூப் உயிரோடு இருந்தது. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. பரணிலிருந்து தம்பியின் பிளேஸ்டேஷனை இறக்கினாள்.

ஒரு கண்ணாடித் திரைக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். இப்போதைய எல்.இ.டி. டி.வி.யில் அந்தக் காலத்துப் பெட்டியை மாட்டினால், வருகிற படத்தை வாங்கி, பெரிதாக்கி, துடைத்துத் துப்புரவு செய்து, ஒரு கணம் கழித்துத்தான் காட்டும். பட்டனைத் தட்டியதற்கும் அடி விழுவதற்கும் நடுவே உள்ள அந்த ஒரு கணத்திலேயே ஆட்டம் செத்துவிடும். பழைய டியூபுக்குச் சேர்த்து வைக்கிற பழக்கம் கிடையாது. நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள், 60 படங்கள். வர வர வரைந்துகொண்டே போகும். கடை மெஷினுக்கும் முதல் பிளேஸ்டேஷனுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஆகவே சேர்க்க முடியும். ஆனால் ஒயரை எடுத்து அப்படியே செருகினால் சேராது.

அப்பாவின் கடை மெஷின்களைப் பார்த்துக்கொண்ட டி.வி. மெக்கானிக் இன்னும் பாலக்கரையிலேயே இருக்கிறார். இப்போது செட்டாப் பாக்ஸும் எல்.இ.டி. பேனலும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. கடையின் ஒரு மூலையில், 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி.க்கள் கழுத்தளவு அடுக்கியிருக்கும். ரிப்பேருக்கு வந்து, திரும்ப வாங்க ஆள் வராதவை. அவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பின்கதவைத் திறந்ததும் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து சேசிஸின் இரும்பில் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"பாப்பா, இதுல கை வெச்சியா?"

"இல்ல மாமா. இனிமேதான் கிரவுண்ட் ஒயரைக் கொண்டுவந்து இங்க சேர்க்கலாம்னு..."

அவர் ஒன்றும் பேசாமல் பிளக்கை உருவினார். தொங்கிய ஒயர்களையும் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளையும் காட்டினார். "இங்க இருந்தது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். செம்புக்காக எவனோ உருவிட்டான். அது இல்லாம இந்த இரும்பு பூரா கரன்ட்டு. நீ அந்தப் பெட்டியை இதோட சேர்த்திருந்தா, ஜாய்ஸ்டிக் பிடிக்கிறவன் கைக்கு வீட்டு மெயின் வந்திருக்கும்."

கடை மெஷின்களின் சேசிஸ் பலதும் அப்படித்தான். மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்கும். 230 வோல்ட் உள்ளே போய் அதே 230 வோல்ட் வெளியே வருகிற, ஆனால் இரண்டு பக்கமும் ஒயரால் தொட்டுக்கொள்ளாத ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்தால்தான் தொடலாம். பாடத்தில் இதை அவள் பிள்ளைகளுக்கு வருடா வருடம் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறாள். டெஸ்டர் எரிந்ததைப் பார்த்த பிறகு அன்றைக்கு அவளால் மதியச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை.

மெக்கானிக் அவருடைய பழைய சரக்கிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மாட்டிக் கொடுத்தார். டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கை உருவினாலும் உடனே போகாது என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரில் எர்த் ஒயரைச் சுற்றி, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து 'டப்' என்று இறக்கிக் காட்டினார். "உள்ள கை விடும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். உங்கப்பாவுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்." திண்ணையிலிருந்து அப்பா இருமியது கேட்டது.

அடுத்தது படம். பிளேஸ்டேஷன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி ஒயரில் கொடுக்கும் திறமை உள்ளது. கூடவே வந்த மஞ்சள் முனை ஒயரில் அதற்கு வழியே இல்லை. ஐரோப்பிய டி.வி.க்களுக்கான 21 முனை ஸ்கார்ட் கேபிள் ஒன்றை வரவழைத்து, தலையை வெட்டி உள்ளே இருந்த ஒயர்களைப் பிரித்தாள். ஆசையாகச் சேர்த்துப் பார்த்தால் திரையில் ஏதோ மங்கலாக நகர்ந்தது. அதுவும் துணி பிழிகிற மாதிரி சுருண்டுகொண்டே போயிற்று.

மங்கலுக்குக் காரணம் குரல். கடை போர்டு மூன்று, நான்கு வோல்ட்டில் கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய மெஷின் அது. பிளேஸ்டேஷன் 0.7 வோல்ட்டில் முணுமுணுக்கிறது. நிறத்துக்கு ஒன்றாக மூன்று டிரான்சிஸ்டர் போட்டு அவள் குரலை உயர்த்தினாள். சுருளுவதற்குக் காரணம் தாளம். ஒரு கோடு எங்கே முடிகிறது, ஒரு படம் எங்கே முடிகிறது என்று தட்டிக்கொண்டே இருக்கும் சிங்க் துடிப்பு பிளேஸ்டேஷனில் படத்தோடு கலந்து வருகிறது. மெஷினுக்கு அது தனியாக வேண்டும். அதைப் பிரித்தெடுக்கவென்றே எல்.எம். 1881 என்று எட்டுக் கால் ஐ.சி. ஒன்று உண்டு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பெட்டிக்குள் இருக்கும் ஒயரில் ஒன்றைக்கூட அறுப்பதில்லை. 1985-ல் ஜப்பானில் வகுத்த 'ஜம்மா' முறைப்படி, மெஷினின் எல்லா ஒயரும் 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் வந்து முடியும். எந்த ஆட்டத்தின் போர்டையும் அதில் செருகலாம், உருவலாம். அதனால்தான் அப்பாவால் ஒரே ராத்திரியில் ஆட்டத்தை மாற்ற முடிந்தது. அதே அளவில் சீப்பு போன்ற முனைகளோடு அவள் ஒரு சின்ன போர்டு செய்தாள். டிரான்சிஸ்டர், ஐ.சி., ஒலிக்கு ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதன்மேல். மெஷினைப் பொறுத்தவரை இதுவும் புதிதாக வந்த ஒரு ஆட்ட போர்டு, அவ்வளவுதான். முழுசாக மூன்று வாரம் ஆயிற்று. அதில் ஒரு வாரம் படம் மஞ்சளாகவே வந்தது. நீல ஒயரில் ஈயம் சரியாகப் பிடிக்காததைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாள். லேப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

நான்காவது ஞாயிறு, படம் நின்றது. தம்பியின் டெக்கன் 3 டிஸ்க் கீறலோடு சுற்றியது. சாம்பல் நிறத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த எடி கோர்டோ பச்சையும் மஞ்சளுமாக வந்து நின்றான். மூன்று நிறமும் தனித்தனியாகப் போகும்போது என்.டி.எஸ்.சி.யும் இல்லை, பாலும் இல்லை, மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவள் போனை எடுத்து பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினாள். "இவன் டிரெஸ் பச்சையாடா?" என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஃபிரெண்டு வீட்ல பார்த்திருக்கேன். நம்ம வீட்ல இப்பதான் பார்க்கறேன்" என்றான்.

ஆட ஒரு தடை பாக்கி இருந்தது. பிளேஸ்டேஷனின் பழைய கைப்பிடியைத் திறந்து, ஒவ்வொரு பட்டனின் செம்புப் பொட்டிலும் ஒயர் பற்றவைத்து, பெட்டியின் ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டன்களுக்கும் கொண்டுபோயாயிற்று. ஆனால் ஜம்மாவில் ஆளுக்கு மூன்று பட்டன்தான். டெக்கனுக்கு நான்கு வேண்டும்: இரண்டு கை, இரண்டு கால். பலகையில் இன்னொரு ஓட்டை போட வேண்டும். அப்பா வைத்த பலகையில் துளை போட அவளுக்குக் கை வரவில்லை. பென்சிலால் வட்டம் வரைந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

திண்ணையிலிருந்து எழுந்து வந்த அப்பா வட்டத்தைப் பார்த்தார். அழித்தார். அரை அங்குலம் தள்ளி, கொஞ்சம் மேலே வேறொன்று வரைந்தார். "கட்டை விரலை வெச்சுக்கிட்டா சின்ன விரல் எங்க விழும்னு பார்க்கணும்" என்றார். அவருடைய பழைய துளைக்கருவி கட்டிலுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்தது. பிளைவுட் தூள் பறந்தது. கொலு பொம்மைப் பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டிருந்த அம்மா, பெருக்குகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார். பட்டன் கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்பா அங்கேயே நின்றார். பிறகு, மாட்டுத் தரகரிடம் விலை கேட்பவர் மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "இதுல முஸ்தபா வருமா?"

அவள் அதை முதல் வாரமே தேடிப் பார்த்திருந்தாள். "வராதுப்பா."

"டிஸ்க்கு கிடைக்கலையா?"

"டிஸ்க்கே வரலை. அந்த ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்குன்னு அவங்க போடவே இல்லை. பிளேஸ்டேஷனுக்கும் இல்லை, வேற எதுக்கும் இல்லை. கடை மெஷின்ல மட்டும்தான் இருந்தது."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ கடைசி வரைக்கும் அது கடைக்குத்தான் சொந்தம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதை எவனும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலை" என்று இன்னொரு தரம் சொன்னார். 1999-லிருந்து இதைக் கேட்கக் காத்திருந்த முகம் அது.

போர்டு எங்காவது கிடைத்தால் இதை உருவிவிட்டு அதைச் செருகலாம், ஒயர் எதையும் வெட்டவில்லை என்று அவள் சொன்னாள். டெக்கனைப் பற்றியும் சொன்னாள். அதுவும் முதலில் கடை மெஷினில் வந்ததுதான். அதை வெளியிட்ட நாம்கோ நிறுவனம் கடை மெஷினின் போர்டையே பிளேஸ்டேஷனின் உள்பாகங்களை அடிப்படையாக வைத்துத்தான் செய்தது. கடைக்காரர் பகையாளி என்று நினைத்த பெட்டியும், கடையில் நின்ற அந்த மெஷினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அப்பா அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்து, "கிரீஸ் போடணும்" என்றார்.

ஸ்டார்ட் பட்டனின் ஒயரை அவள் காசு போடும் துளையின் ஸ்விட்சோடு இணைத்திருந்தாள். அதில் ஒரு சிக்கல். இன்றைய ஒரு ரூபாய் பழையதைவிடச் சிறியது. ஸ்விட்சைத் தட்டாமல் நழுவி உண்டியலில் விழுந்துவிடுகிறது. அம்மா எழுந்துபோய், சாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசுகள். கடை மூடிய அன்றைக்குக் கடைசியாக எண்ணியவை. செலவழிக்காமல் வைத்திருந்தார் என்பது அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் காசை மகள் போட்டாள். ஹன்னா இல்லாத ஆட்டத்தில் அவள் எடி கோர்டோவை எடுத்தாள். கால் பட்டன் இரண்டையும் கண்டபடி தட்டினாலே ஜெயிக்கவைக்கிற ஆள் அவன். ஆடத் தெரியாதவர்களின் கடவுள் என்று தம்பி போனில் கிண்டல் செய்தான். அப்பா ஜாகுவார் முகமூடி போட்ட கிங்கை எடுத்து மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றார். பட்டனில் குறை சொன்னார். திரையைக் குறை சொன்னார். அடுத்த காசைத் தானே எடுத்துப் போட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா பின்கதவைத் திறந்து உண்டியலை உருவித் தரையில் கொட்டினார். பத்து ஓரிடம், மிச்சம் ஓரிடம் என்று அடுக்கினார்.

"பதினாலு ரூபா" என்றார். "இன்னைக்குக் கூட்டம் கம்மிதான்."